திங்கட்கிழமைப் பந்து

பந்து ஈரமாக இருந்தது. பல் டாக்டருக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

கொல்லையில் பந்து விழுவது அந்த வீட்டுக்குப் புதிதல்ல. வேலிக்கு அந்தப் பக்கம் கோல்ஃப் மைதானம். ஆடத் தெரிந்தவன் அடித்தாலும் தெரியாதவன் அடித்தாலும் வாரத்துக்கு நாலைந்து பந்தாவது இந்தப் பக்கம் வந்து விழும். டாக்டரின் மனைவி அவற்றைப் பொறுக்கிச் சிவப்பு பிளாஸ்டிக் வாளியில் போட்டுவைப்பாள். எப்போதாவது கிளப் ஆள் வந்து அசடு வழிய மன்னிப்புக் கேட்டுவிட்டு, மேலாக இருப்பதை அள்ளிக்கொண்டு போவான். வலை கட்டித் தருகிறோம் என்று அவன் சொல்ல ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது.

ஆனால் இன்று திங்கட்கிழமை. திங்களன்று மைதானத்துக்கு விடுமுறை, புல் வெட்டும் வண்டிகூட ஓடாது. மாலை நாலு மணி வெயில் சுள்ளென்று அடித்தது. பத்து நாளாகத் தூறல் இல்லை. துணிக்கொடியிலிருந்து பத்தடி தள்ளி, நொறுங்குமளவு காய்ந்த புல்லில், அந்தப் பந்து சொட்டச் சொட்டக் கிடந்தது.

குனிந்து எடுத்தார். குளத்துப் பாசியின் அழுகல் வாடை மூக்கில் ஏறியது. விரலால் பாசியை வழித்தார். அடியில் பச்சை மையில் மூன்று புள்ளிகள்.

கோல்ஃப் ஆடுகிறவர்கள், ஒருவர் பந்தை இன்னொருவர் அடித்துவிடக்கூடாது என்று, பந்தில் பேனாவால் ஒரு குறி போட்டுக்கொள்வார்கள். டாக்டர் இப்போது போடுவது நீலக் கோடு. போன வருடம் வரைக்கும் அவர் குறி மூன்று பச்சைப் புள்ளிகள்.

"என்னங்க அது, பந்தா?" மனைவி துணிக்கூடையோடு கொல்லைப் படியில் நின்றாள்.

"ஒண்ணுமில்ல. கல்லு." பந்து அவர் பேண்ட் பைக்குள் போயிருந்தது. தொடையில் ஈரம் படர்ந்தது.

இந்த வீடு மனைவியின் அக்காவுடையது. கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று தனியாக இருந்தவள். தங்கை மேல் உயிர், வீட்டை அவள் பேருக்கே எழுதிவைத்திருந்தாள். போன வருடம் இதே கொல்லையில் பெட்ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பந்து அவள் நெற்றிப்பொட்டில் பட்டது. விழுந்தவள் எழவில்லை. அன்றைக்கு மைதானத்தில் நாற்பது பேர் ஆடினார்கள். நாற்பது பேரும் நான் இல்லை என்றார்கள். அடித்த பந்தும் கிடைக்கவில்லை.

எப்படிக் கிடைக்கும்? சேதி கேட்டு முதல் ஆளாக ஓடிவந்த சொந்தக்காரர் டாக்டர்தான். வாய்விட்டு அழுதுகொண்டே புல்லில் கிடந்ததைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். மறுநாள் அதை மைதானத்துக் குளத்தின் நடுவில் எறிந்தார்.

அக்கா விழுந்த அன்று கோப்பைக்கான இறுதி ஆட்டம். கூட ஆடிய கண் டாக்டர் முதுகைக் காட்டியபடி போனில் பேசிக்கொண்டிருந்தார். மேட்டிலிருந்து இவர் அடித்த பந்து வேலிப் பக்கம் வளைந்தது. அங்கே, கொடிக்கு முன்னால், மஞ்சள் நைட்டியில் மனைவியின் அக்கா. பந்து தப்பினால் அடித்தவர் தொண்டை கிழியக் கத்த வேண்டும், இந்த ஆட்டத்தில் கத்துக்குட்டிக்கும் தெரிந்த முதல் விதி அது. ஆனால் கத்தினால் கண் டாக்டர் திரும்புவார். திரும்பினால் அடி தப்பியது தெரியும், கோப்பை கைநழுவும். ஊரையெல்லாம் "வாயைத் திறங்க, இன்னும் கொஞ்சம், ஆ" என்று கெஞ்சுகிற மனிதர் அன்றைக்குத் தன் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு பந்தை எடுத்துக் காதும் காதும் வைத்தாற்போல் புல்லில் நழுவவிட்டார். ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தக் கோப்பை இந்த வீட்டுக் கூடத்து அலமாரியில்தான் இருக்கிறது. மனைவிதான் அதைத் துடைத்துப் பளபளவென்று வைக்கிறாள்.

துடைக்கும்போதெல்லாம் அவளுக்கு அக்கா ஞாபகம் வந்துவிடும். "யாரோ அடிச்சாங்க, சரி. கை தவறியிருக்கும். ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல? அக்கா குனிஞ்சிருப்பா."

"ஆமாம்மா," என்பார் டாக்டர். ஒரு வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த திங்கட்கிழமையும் நாலு மணிக்கு, கூடத்தில் மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தபோது, குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தபோது, வேலிக்கு அப்பால் ஆள் அரவமற்ற புல்வெளி முழுவதும் வெயில் கொதித்துக்கொண்டிருந்தபோது, மட்டை பந்தில் படும் அந்தச் சுத்தமான சத்தம் அவர் காதில் விழுந்தது. டக். ஓடிப்போய்ப் பார்த்தார். கொடியிலிருந்து ஆறடி. ஈரம், பாசி, மூன்று புள்ளிகள். அதற்கடுத்த திங்கள் இரண்டடி. எடுத்ததையெல்லாம் பீரோவுக்குள் சட்டைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தார். சட்டைகளில் குளத்து வாடை அடிக்க ஆரம்பித்தது.

வாயிலும்தான். காலையில் எழுந்தால் நாக்கில் பாசிச் சுவை. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. தாடை இறுகி வலித்தது, எச்சில் விழுங்கினால் தொண்டையில் ஏதோ உருண்டது. ஒருநாள் கடைசி நோயாளி போனதும் கிளினிக் கதவைச் சாத்திவிட்டுத் தன் நாற்காலியில் தானே சாய்ந்து, விளக்கைத் திருப்பி, வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். அடிநாக்கில், தொண்டை ஆரம்பிக்கும் இடத்தில், பச்சையாக மூன்று புள்ளிகள். பஞ்சால் தேய்த்தார். ரத்தம் வந்தது. புள்ளி போகவில்லை.

நாலாவது திங்கட்கிழமை மதியம் மனைவி வாளியைக் கொண்டுவந்து அவர் முன்னால் டங்கென்று வைத்தாள். உள்ளங்கையில் ஒரு பந்து.

"இதைப் பாருங்க. மூணு பச்சைப் புள்ளி. உங்க பீரோல சட்டை அடுக்கறப்போ இதே மாதிரி மூணு கிடந்துச்சு. எங்கேர்ந்து வந்துச்சு?"

"கொல்லையில விழுந்தது. உனக்கு எதுக்குக் கவலைன்னு எடுத்து வச்சேன்." நாக்கு குழறியது.

"இது அக்கா காலத்துது. வாளிக்கு அடியில கிடந்துச்சு. அப்ப அந்த ஆள் அப்பவும் இந்தப் பக்கம் அடிச்சிருக்கான், இப்பவும் அடிக்கிறான்." அவள் பந்தைப் புரட்டிப் பார்த்தாள். "நாளைக்குக் கிளப்புக்குப் போறேன். இது யாரோட குறின்னு உங்க கண் டாக்டருக்குத் தெரியாம இருக்காது."

"எதுக்கும்மா? போனவங்க திரும்பியா வரப்போறாங்க?"

"வர வேணாம். அவன் மூஞ்சிய ஒரு தடவை நான் பாக்கணும்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். டாக்டர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். நாலு மணி ஆக ஐந்து நிமிடம் இருந்தது. அவள் கூடையை இடுப்பில் இடுக்கினாள்.

"துணிய இன்னிக்கு உள்ள காயப்போடேன்."

"இவ்ளோ வெயிலை வச்சுக்கிட்டா? என்ன ஆச்சு உங்களுக்கு?" போய்விட்டாள்.

அவர் பின்கதவு வரைக்கும் போனார். அதற்குமேல் போகவில்லை. முப்பது எட்டு வைக்கும் தூரத்தில் மனைவி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெள்ளைப் பெட்ஷீட்டை உதறினாள். சோப்பு வாசனையோடு பாசி வாடையும் வந்தது. ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். கிளிப் ஒன்று மாட்டினாள். எங்கோ கத்திக்கொண்டிருந்த குருவி நிறுத்திக்கொண்டது. இலை அசையவில்லை.

மைதானத்து மேட்டில் யாரோ நின்றார்கள்.

மஞ்சள் நைட்டி.

அவ்வளவு தூரத்தில் முகம் தெரியக் கூடாது. தெரிந்தது. தலையின் ஒரு பக்கம் உள்ளே அமுங்கியிருந்தது. கையில் மட்டை. அவருடைய மட்டை. நிதானமாகக் காலை அகட்டினாள், அவர் அகட்டுவதைப் போலவே. ஓங்கினாள்.

டக்.

அடித்துவிட்டு, மட்டையைக் கீழே விட்டாள். ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்தாள். குரலுக்குக் காத்திருந்தாள்.

ஒரு குரல் போதும். மனைவி பெயரைச் சொல்லி ஒரே ஒரு சத்தம். குனிந்துவிடுவாள்.

குனிந்தால் நாளைக்குக் கிளப்புக்குப் போவாள்.

ஒரு மூச்சு. ஒரே ஒரு மூச்சு நேரம்தான் டாக்டர் அதை நினைத்தார். கண்கூசும் வானத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி ஏறி நின்று, சரியத் தொடங்கியது.

பிறகு வாயைத் திறந்தார்.

திறந்தது. இன்னும் திறந்தது. நாக்குக்கு அடியிலிருந்து ஏதோ புரண்டு மேலே வந்து அடைத்தது. குளிர்ச்சியாக. உருண்டையாக. பல்லில் குழி குழியாக உரசியது. தாடை எலும்பு கடகடவென்றது. உதடு கிழிந்தது. பாசித் தண்ணீர் மோவாய் வழியே ஒழுகியது. இரண்டு கையாலும் பிடுங்கினார். விரல் வழுக்கியது. சத்தம் இல்லை. மூச்சும் இல்லை.

வெள்ளைப் பெட்ஷீட்டில் ஒரு நிழல் விழுந்தது. பொட்டு அளவு. பிறகு காசு அளவு.

மனைவி முணுமுணுப்பதை நிறுத்தினாள். யாரோ கூப்பிட்டதைப் போல நிமிர்ந்து, நிழல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

மேட்டில் அக்கா காதிலிருந்து கையை எடுக்கவில்லை.