அறுந்த கேபிளின் பச்சை விளக்கு

கேபிள் அறுந்து ஒரு மணி நேரமாகியும் பச்சை விளக்கு அணையவில்லை.

வெள்ளிமலை இன்டர்நெட் அறையில் தனியாக நின்று ரெஜினா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை விட்ட சாயங்காலம்; சன்னல் கம்பிகளுக்கு நடுவே பனிமூட்டம் ஈரமண் வாசனையோடு உள்ளே ஊர்ந்து, பேட்டரிகளின் புளித்த நெடியில் கலந்தது. அந்தக் கேபிளின் கண்ணாடி இழைக்குள் போகும் பேச்சும் படமும் வெறும் வெளிச்சம்தான். எரிந்தால் ஒன்று, அணைந்தால் சைபர். யாரும் பேசாதபோதும் அந்தத் துடிப்பு வந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் இந்தப் பக்கக் கருவி தாளம் தப்பி, விளக்கு சிவப்பாகிவிடும்.

அப்படியென்றால் யாரோ அனுப்புகிறார்கள்.

அதே கேபிளின் இன்னோர் இழையில் டெஸ்டரை மாட்டினாள். அது ஒரு துடிப்பை அனுப்பி, அறுந்த முனையில் மோதித் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும். பதினாலு கிலோமீட்டர். மலைப்பாதையில் மண் சரிந்த இடம். லைன்மேன் டென்னிஸ் ஜீப்பில் அங்கேதான் போயிருந்தான். செல்லில் கூப்பிட்டாள்.

"ஒட்டிட்டியா டென்னிஸ்?"

"இன்னும் இல்லீங்கக்கா. அறுந்த முனை என் கையிலதான் கீது."

பொய் சொல்கிறானோ? எதற்கு?

மேசையிலிருந்த லைன் போன் அடித்தது. அறுந்துபோன அதே இழையில் ஓடும் போன். எடுத்தாள்.

"அக்கா, டென்னிஸ் பேசறேங்க." அதே கரகரப்பு. "செல்லுல பேசறவன நம்பாதீங்க."

"யாருக்கா அது," என்றது செல், "என்ன மாரியே பேசிக்கினு கீறது?"

இரண்டு காதிலும் டென்னிஸ்.

"உன் பொண்ணு பேரு இன்னா?"

"நான்சி." இரண்டும் சொன்னன. லைன் போன் ஒரு நொடி முந்தி.

டெஸ்டரைப் பார்த்தாள். ஒன்பது கிலோமீட்டர்.

"டென்னிஸ், எங்க கீற?"

"அங்கியேதான்க்கா." செல்லில் மூச்சு வாங்கியது. "ஆனா கேபிளு... என் கையிலேந்தே கரைஞ்சிக்கினு போச்சுங்க. மேல வர்ற வழியெல்லாம் கேபிளு பொதைச்ச குழி மட்டுந்தான் கீது. ஒரு முழம்கூட..."

செல் அறுந்தது.

நாலு.

ஒன்று.

இருநூறு மீட்டர்.

லைன் போனில் இப்போது பேச்சு இல்லை. மெல்லும் சத்தம். நிதானமாக, ஈரமாக.

முப்பது.

கதவைப் பார்த்தாள். கால் நகரவில்லை.

சுவர் ஓட்டை வழியே உள்ளே வரும் கறுப்புக் கேபிள் ஒருமுறை அதிர்ந்தது. அதன்மேல் ஒரு பல்தடம் பதிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அங்கே யாரும் இல்லை. கேபிள் மட்டும் குறைந்தது. விரல் விரலாக. அவளை நோக்கி.

மெல்லும் சத்தம் நின்றது.

"அக்கா," என்றது டென்னிஸின் குரல், வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு. போனிலிருந்து அல்ல.