சிரிக்கத்தான் போறேன்

ஆஸ்பத்திரி வாசலிலேயே அத்தை அவளை நிறுத்தினாள்.

“உள்ளே வந்து வாயைத் திறக்கக் கூடாது. முக்கியமா அந்தச் சிரிப்பு வேண்டவே வேண்டாம். புரியுதா?”

அவளுடைய சிரிப்பு பள்ளி முழுக்கப் பிரபலம். முதலில் ‘உஸ்ஸ்ஸ்’ என்று ஆவி கிளம்பும். பிறகு ஒரு நீண்ட விசில். அதனால் எல்லோரும் அவளை ‘குக்கர்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

குக்கர் தலையாட்டினாள். சிரிக்கும் நிலையில் அவளும் இல்லை. அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அம்மா கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள்.

வார்டில் நான்கு கட்டில்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. பார்க்க வந்தவர்கள் “பாவம்” என்று உச்சுக்கொட்டினார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள், கிளம்பினார்கள்.

அப்பா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். அவர் பஸ் டிரைவர். குறுக்கே வருகிற ஸ்கூட்டர்காரரிடம்கூட நலம் விசாரிப்பவர். இப்போது ஒரு ‘ம்’ கூட இல்லை.

மூச்சுப் பயிற்சி கொடுக்கும் அக்கா ஒரு பிளாஸ்டிக் பெட்டியை அவரிடம் நீட்டினாள். அதற்குள் மூன்று சின்னப் பந்துகள் இருந்தன. பெட்டியிலிருந்து ஒரு குழாய் நீண்டிருந்தது.

“இதுல வாய் வச்சு மூச்சை உள்ளே இழுங்க. பந்து மேலே ஏறணும். அப்புறம் தலையணையை வயித்தோட அணைச்சுக்கிட்டு நல்லா இருமணும்.”

“தையல் பிரிஞ்சிடும்,” என்று அப்பா முனகினார்.

“பிரியாது. தலையணை தாங்கிக்கும். இப்படி அரை மூச்சாவே விட்டுக்கிட்டிருந்தா நெஞ்சுல சளி தங்கிடும். காய்ச்சல் வந்தா வீட்டுக்குப் போறதும் தள்ளிப் போயிடும்.”

“நீ அசையாம படு, தம்பி,” என்றாள் அத்தை.

அக்கா அத்தையைப் பார்த்தாள். “பக்கத்து வார்டுக்குப் போயிட்டு வரேன். அதுக்குள்ள ஒரு தடவையாவது இருமச் சொல்லுங்க.”

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஒரு பேண்டு குழுவில் டிரம்பெட் வாசிப்பவர். அவர் கையிலும் அதே மாதிரி ஒரு பெட்டி இருந்தது.

“எனக்கு இதெல்லாம் ஜுஜுபி,” என்று சொல்லிவிட்டு ஊதினார். கன்னங்கள் பலூன்போல உப்பின. கண்கள் பிதுங்கின. பந்துகள் அசையவே இல்லை.

“டப்பா ரிப்பேர்,” என்று பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினார்.

“மாமா, ஊதக் கூடாது. உள்ளே இழுக்கணும்,” என்று குக்கர் மெதுவாகச் சொன்னாள்.

“யாருக்கு சொல்லித் தரே? வாயில வச்சா ஊதணும். அதான் முறை!”

அவர் மறுபடி ஊதினார். இந்த முறை உதட்டிலிருந்து ‘பர்ர்ர்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

உஸ்ஸ்ஸ்... விசில் கிளம்பிவிட்டது.

“சீ!” அத்தை அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “அப்பா கிழிஞ்ச துணி மாதிரி கிடக்கான். உனக்குச் சிரிப்பு கேக்குதா? மனசுல பாசம் இருந்தா சிரிப்பு வருமா? வெளியே நில்லு!”

குக்கர் நடையில் நின்றாள். எனக்கு அப்பா மேல் பாசம் இல்லையா?

அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகை அங்கேயேதான் இருந்தது. சிரிப்பும் அதற்குப் பக்கத்திலிருந்துதான் வந்திருந்தது. ஒன்று வந்ததால் மற்றது போய்விடவில்லை.

கோபம் வந்தது. கவலைப்படுகிறவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி முகம்தான் இருக்க வேண்டுமா? யார் சொன்னது?

அப்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அவள் சிரித்தபோது அப்பாவின் போர்வை சட்டென்று உயர்ந்தது. சிரிக்கத்தான் அவ்வளவு பெரிய மூச்சை இழுத்தார். பிறகு பயந்து பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

குக்கர் நேராக உள்ளே போனாள்.

“அத்தை, நான் சிரிக்கத்தான் போறேன்.”

“என்னடி சொன்னே?”

“சிரிச்சா அப்பாவுக்கு நல்லா மூச்சு வருது. வீட்டுக்குப் போய் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. இப்ப சும்மா இருக்க மாட்டேன்.”

தலையணையை எடுத்து அப்பாவின் வயிற்றின் மேல் வைத்தாள். “கெட்டியா பிடிச்சுக்குங்கப்பா. மாமா, இன்னொரு தடவை ஊதுங்க.”

“நான் என்ன கோமாளியா?”

“இல்ல மாமா. எங்கப்பா இருமணும். அதுக்கு நீங்கதான் வேணும்.”

அவர் அப்பாவைப் பார்த்தார். பிறகு பெரிய மேடையில் உட்கார்ந்திருப்பதுபோல நிமிர்ந்து, உதட்டை நனைத்துக்கொண்டு ஊதினார்.

குக்கருக்குச் சிரிப்பு வரவில்லை! அத்தை முறைத்துக்கொண்டே இருந்தால் எப்படி வரும்? “ஹா... ஹா...” என்று வரவழைத்துப் பார்த்தாள். அவளுக்கே அது சகிக்கவில்லை.

அப்பா மெதுவாக அத்தை பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“ஏன்க்கா, இன்னிக்கு குக்கர்ல தண்ணி ஊத்த மறந்துட்டியா?”

அதைக் கேட்ட டிரம்பெட் மாமாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயில் குழாய் இருந்தபடியே அவர் மூச்சை இழுக்க, மூன்று பந்துகளும் ‘டக்’கென்று மேலே பாய்ந்தன.

“பார்த்தீங்களா! ஊதி ஏத்திட்டேன்!”

அவ்வளவுதான். உண்மையான விசில் கூரையைத் தொட்டது. அப்பா தலையணையை இறுக்கிக்கொண்டு குலுங்கினார். “ஐயோ, வலிக்குது... ஊதாதீங்கய்யா...” என்று சிரித்தார். இருமினார். மறுபடி சிரித்தார், பலமாக இருமினார். அத்தை கிண்ணத்தோடு ஓடி வந்தாள். சளி வந்தது. தையல் அப்படியே இருந்தது. அப்பா முதல் முறையாக ஒரு முழு மூச்சு விட்டார்.

“என்னாச்சு? எனக்கும் சொல்லுங்களேன்!” என்று ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவர் கேட்டார். அவருக்குக் குரல் இருப்பதே அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. நான்காவது கட்டில்காரர் அவருக்கு விளக்கப் போய், பாதியிலேயே சிரித்துவிட்டார்.

மூச்சுப் பயிற்சி அக்கா கதவருகே வந்து நின்றாள். “யாரு இங்க இப்படிச் சிரிச்சது?”

எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

குக்கர் கையைத் தூக்கினாள். “நான்தான். இன்னும் சிரிப்பேன்.”

டிரம்பெட் மாமா தன் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். அப்பா ஒரு கையால் தலையணையைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கினார்.

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி, வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் தோள்கள் குலுங்கின. திரும்பாமலேயே அவளும் கையைத் தூக்கினாள்.