வசவுக்கு ஓர் ஆள்

யூரோப்பாவில் காலைக் காப்பிக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் சமையலறைச் சுவரில் ஒரு துண்டு வெட்டிக்கொள்வார்கள். வியாழனைச் சுற்றும் அந்தச் சந்திரனில் வீடுகள் எல்லாம் பனிக்கட்டிக்குள் குடைந்தவை. சுவரை மூடியிருக்கும் காப்புப் படலத்தை விலக்கினால் பனி. அதை உளியால் பெயர்த்துப் பாத்திரத்தில் போட வேண்டியதுதான்.

செண்பகவல்லி அப்படிப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது அவள் கணவரின் இடது முழங்கால், "உயவெண்ணெய் குறைவாக உள்ளது" என்று அறிவித்தது.

"அதுக்கு ரெண்டு சொட்டு விடுங்களேன். காலங்காத்தால உங்க காலோட தொணதொணப்பு தாங்கல" என்றாள்.

மாசிலாமணிக்கு முழங்கால்கள் இரண்டும் செயற்கை. வலது தோளும் முன்பற்களும்கூட. பதினெட்டு ஆண்டுகள் 'பனித்துறைக் காளைகள்' அணியில் பனி ஹாக்கி ஆடியவர். தடுப்பாட்டக்காரர். எதிரணி விரட்டிக்கொண்டு வரும் ரப்பர் வட்டு தன் அணியின் கோலுக்குள் போய்விடாமல் மட்டையாலோ, மார்பாலோ, வேறு வழியில்லாதபோது பல்லாலோ தடுப்பது அவர் வேலை.

யூரோப்பாவில் ஈர்ப்பு குறைவு. ஆட்டக்காரர்கள் ஈயச் சட்டை அணிந்துதான் தரையில் நிற்க முடியும். வட்டுக்குச் சட்டை போட முடியாதே! ஓங்கி அடித்தால் கூரைவரை போய், யோசித்து யோசித்து இறங்கும். அதற்குள் பார்வையாளர்கள் ஒரு வாய் டீ குடித்துவிடலாம்.

மாசிலாமணி தடுத்த வட்டுகளை யாரும் எண்ணி வைக்கவில்லை. தடுக்காத ஒன்றை யாரும் மறக்கவுமில்லை. பக்கத்துச் சந்திரனான கானிமீட்டின் அணியோடு இறுதியாட்டம். ஆட்டம் முடியப்போகும் நேரம். வட்டு உயரத்திலிருந்து மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அண்ணாந்து பார்த்தபடி பின்னால் சறுக்கினார். அது அவருடைய தோளில் பட்டு, அவருடைய கோலுக்குள்ளேயே போய் விழுந்தது. கோப்பை கானிமீட்டுக்குப் போனது.

அதன்பின் அவர் பெயர் ஒரு வினைச்சொல் ஆகிவிட்டது. குழந்தை டம்ளரைக் கீழே போட்டால், "மாசிலாமணி பண்ணிட்டியா?" என்று தாய்மார்கள் அதட்டினார்கள். முழங்கால் மாற்ற மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்திருந்தபோது, "பார்த்துப் புடிங்க சிஸ்டர், மாசிலாமணி பண்ணிடாதீங்க" என்று டாக்டர் சொன்னது அவர் காதில் விழுந்தது. பாதி மயக்கத்திலும் அவருக்கு அழுகை வந்தது.

பிறகு எந்திர ஆட்டக்காரர்கள் வந்தார்கள். மனிதர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் புலம்பினார்கள், மாசிலாமணி மட்டும் நிம்மதியாக நகரத்தின் பசுமைச் சுரங்கத்தில் கீரை வளர்க்கப் போனார். கீரை யாரையும் திட்டுவதில்லை.

சில ஆண்டுகள் கழித்துக் காளைகள் அணியின் மேலாளர் குலோத்துங்கன் கீரைப் பாத்தி நடுவில் வந்து நின்றார்.

"ஸ்டேடியம் காத்தாடுது சார். ஒரு ஈ காக்கா இல்ல."

"எந்திரங்க நல்லாத்தானே ஆடுது?"

"ஆடுது. தோக்கவும் தோக்குது. ஆனா தோத்தா ஜனங்க திட்டணும்ல? திட்டினா, 'உங்கள் கருத்துக்கு நன்றி'ங்குது. தொண்டை கிழியக் கத்தறவனுக்கு அதுல என்ன சார் திருப்தி? வர்றதையே நிறுத்திட்டாங்க."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

குலோத்துங்கன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க ஆட வேண்டாம். ஓரத்துல பெஞ்சுல உக்காந்தா போதும். எந்திரம் கோட்டை விட்டா உங்களைத் திட்டுவாங்க. முகத்தைக் கொஞ்சம் தொங்கப்போட்டுக்கணும், அவ்வளவுதான்."

மாசிலாமணி முடியாது என்றார். அப்படியானால் அடுத்த மாதம் மைதானத்தின் பனியை வெட்டிக் குடிநீருக்குக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்றார் குலோத்துங்கன். கண்ணாடிபோல் தேய்த்து வைத்த அந்தப் பனி ஊராரின் குழம்பில் கொதிப்பதை நினைத்துப் பார்த்தார் மாசிலாமணி. மனம் கேட்கவில்லை.

"திட்டு வாங்கறதுக்கு ஸ்டேடியம் வரைக்கும் போவானேன்? வீட்டுல நான் இல்லையா?" என்றாள் செண்பகவல்லி. சிரிக்க முயன்றாள், முடியவில்லை.

பெஞ்சில் அவர் உட்கார்ந்த முதல் நாளே அரங்கம் நிரம்பியது. எந்திரம் வட்டைத் தவறவிட்டது. ஊரே எழுந்து மாசிலாமணியின் பரம்பரையை விசாரித்தது. அவர் முகத்தைத் தொங்கப்போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது தானாகத் தொங்கியது. ஜனங்கள் மனம் லேசாகி, குடும்பத்தோடு சுண்டல் தின்றபடி வீடு திரும்பினார்கள்.

ஒருநாள் ஆட்டம் முடிந்ததும் அரண் என்ற தடுப்பாட்ட எந்திரம் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"தவறு செய்தது நான். தங்களை ஏன் வைகிறார்கள்?"

"உன்னை வஞ்சா உனக்கு வலிக்காதே. அதான்."

அரண் யோசித்தது. "பொறியாளர்களிடம் நோவுச் சில்லு இருக்கிறது. பொருத்திக்கொண்டால் எனக்கும் வலிக்கும். என் வசவு எனக்கே வரட்டும்."

மாசிலாமணி அரணைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை ஆண்டுகளில் அவருக்காக எவரும் ஒரு வட்டைக்கூட மறித்ததில்லை.

"வேண்டாம்ப்பா" என்றார். "வாங்கிப் பார்த்தவன் சொல்றேன், கேளு. தூக்கம் வராது. சோறு இறங்காது."

"நான் தூங்குவதுமில்லை, உண்பதுமில்லை" என்றது அரண்.

குலோத்துங்கனுக்குப் பரம சந்தோஷம். மனிதனுக்கு வயதாகிவிடும், எந்திரத்தை எத்தனை காலம் வேண்டுமானாலும் திட்டலாம். சில்லு பொருத்தப்பட்டது. மாசிலாமணிக்கு மாலை போட்டு, ஆயுள் முழுவதும் பார்வையாளர் வரிசையில் இரண்டு இருக்கைகள் தந்து அனுப்பினார்கள்.

வாழ்நாளில் முதல்முறையாக மேலே உட்கார்ந்து ஆட்டம் பார்க்கப் போனார். செண்பகவல்லியும் வந்தாள். மறுபடியும் கானிமீட் அணிதான் எதிரே. அரண் பிரமாதமாக ஆடியது. ஒன்று, இன்னொன்று, பாய்ந்து விழுந்து மற்றொன்று எனத் தடுத்தது. யாரும் கைதட்டவில்லை. மாசிலாமணியும் தட்டவில்லை, சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு வட்டு அரணின் காலடியில் நழுவிக் கோலுக்குள் போனது.

அரங்கம் எழுந்தது. முதலில் எழுந்தவர் மாசிலாமணி. "ஏய் தகர டப்பா! கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? உன்னையெல்லாம் எவன்டா ஆட விட்டான்? இரும்புக் கடைக்குப் போடா!"

பனியின் நடுவே அரணின் தலை மெல்லக் கவிழ்ந்தது. பிறகு நிமிர்ந்து, அத்தனை ஆயிரம் குரல்களில் அந்த ஒரு குரல் வந்த திசையைப் பார்த்தது.

செண்பகவல்லி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க இது? பாவம்ங்க அது. உங்களுக்குத் தெரியாததா?"

மாசிலாமணி உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது; முகம் மலர்ந்திருந்தது. ஒரு பிடி சுண்டலை வாயில் போட்டுக்கொண்டார்.

"நீ வேற செண்பகம்! இங்கேருந்து பாரு, அதைப் புடிக்கிறது எவ்வளவு சுலபம்!"