செத்தவள் பூட்டிய கதவு

திரையில் பதில் வந்து விழுந்தது.

அண்ணனின் விரல்கள் கீபோர்டு மேலேயே உறைந்தன.

கேள்வி: நாலாம் அறையைப் பூட்டியது யார்?

பதில்: அவன் தங்கை! மாலை 6.12.

அதுவும்... வெளியிலிருந்து!

ஆனால் 5.50-க்கே அவள் அந்த அறைக்குள் போய்விட்டாள். மறுநாள் காலை விறைத்த பிணமாகத்தான் வெளியே வந்தாள்.

உள்ளே இருந்தவள் வெளியிலிருந்து எப்படிப் பூட்டினாள்?

மருந்துகளை வைக்கும் குளிர்கிடங்கு அது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அதே நாலாம் அறை. இரும்புக் கதவின் இடுக்கில் வெண்புகை கசிந்தது... உள்ளிருந்து யாரோ மூச்சு விடுவதைப் போல!

"பாத்தீங்களா மேடம்?" மேனேஜர் சிரித்தார். "பேய் வந்து பூட்டிச்சாம்! இதுக்கா காலையிலேர்ந்து உக்காந்திருக்கோம்?"

இன்ஸ்பெக்டரம்மா வாட்சைப் பார்த்தாள்.

"பன்னிரண்டு மணிக்கு ஃபைலை மூடணும்ப்பா. 'சொந்தக் கவனக்குறைவால் மரணம்'னு எழுதியாச்சு. என் கையெழுத்துதான் பாக்கி."

"என் தங்கச்சி கவனக்குறைவா இருக்கிறவ இல்ல மேடம்!"

"அப்போ அவ ஐடி கார்டு ஏன் அவ கோட்டுப் பாக்கெட்டில இருந்துச்சு?"

அங்கேதான் இடித்தது.

குளிர் அறைக்குள் போகிறவர் தன் கார்டால் கதவைத் திறந்து, அதைக் கதவோர ஸ்லாட்டில் செருகிவிட்டுத்தான் போக வேண்டும். ஸ்லாட்டில் கார்டு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறார்... பூட்டக் கூடாது! பூட்டினால் உள்ளிருந்து திறக்க முடியாது. அவள் செருகவில்லை, காலி ஸ்லாட்டைப் பார்த்து யாரோ பூட்டிவிட்டார்கள் என்று கேஸை முடித்திருந்தார்கள்.

"அந்த யாரோ யாருன்னுதான் இந்தக் கேள்விப் பெட்டிகிட்ட கேட்டேன்" என்றான் அண்ணன். "நாம பேசுற மாதிரி டைப் பண்ணினா, கம்பெனிப் பதிவுகளைத் தேடிப் பதில் சொல்லும். ஆனா சொல்லிக் குடுத்த வார்த்தைதான் புரியும். பூட்டுறதுன்னா என்னன்னு இன்னைக்குக் காலையிலதான் சொல்லிக் குடுத்தேன்."

"தப்பா சொல்லிக் குடுத்திருப்பே தம்பி!" என்றார் மேனேஜர்.

இருக்குமோ?

பெட்டியின் அகராதியைத் திறந்தான். முக்கால்வாசி வார்த்தைகளைப் பழக்கியவள் தங்கைதான். அவள் வேலையே அது; பழக்கும் விதத்தை அவனுக்கும் காட்டியிருந்தாள்.

பூட்டு: வெளிப்பக்கம் கார்டு வைத்து மூடிய பதிவு. சரி.

அறை: கதவு எண். சரி.

யார்...?

யார்: கார்டுக்குச் சொந்தக்காரர்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்!

"மேடம்! பெட்டி பொய் சொல்லல! அதுக்கு ஆளைத் தெரியாது, கார்டைத்தான் தெரியும். 6.12-க்குப் பூட்டினது அவ இல்ல... அவ கார்டு!"

"புரியிற மாதிரி சொல்லுப்பா."

"அவ ஒழுங்காத்தான் ஸ்லாட்டில செருகிட்டுப் போயிருக்கா. அதை எவனோ உருவி, அதாலேயே பூட்டிட்டான். ஸ்லாட் காலி... உள்ள யாரும் இல்லேன்னு ராத்திரி வாட்ச்மேன் போயிட்டார்."

மேனேஜரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"6.12-க்கு அந்தக் கார்டு வெளியில இருந்திருக்கு. காலையில எப்படி மேடம் பாக்கெட்டுக்குள்ள போச்சு?"

"கதவைத் திறந்தவன் வச்சிருக்கணும்..." இன்ஸ்பெக்டரம்மா மெல்லச் சொன்னாள்.

அகராதியில் ஒரே ஒரு வரியைத் திருத்தினான். யார் என்பதற்குப் பதில் 'யாருடைய கார்டு'. பிறகு 'நாலாம்' என்று அடிக்கத் தொடங்கினான்...

மீதியைப் பெட்டியே நிரப்பியது!

நாலாம் அறை எத்தனை மணி நேரம் குளிரில்லாமல் இருந்தது?

அண்ணன் திரையை நெருங்கினான். "இது... அவ கேட்ட கேள்வி! முன்னாடி கேட்டதைப் பெட்டி ஞாபகம் வச்சிருக்கும். பக்கத்துல தேதியைப் பாருங்க... சாகிற அன்னைக்கு, 5.30-க்குக் கேட்டிருக்கா!"

என்டர் தட்டினான்.

31 மணி நேரம். அவள் சாவதற்கு முந்தைய வாரம்.

"அத்தனை மருந்தும் கெட்டிருக்குமே! அது எங்க சார்?" மேனேஜர் பக்கம் திரும்பினான் அண்ணன்.

அதையும் பெட்டியிடமே கேட்டான். மருந்து முழுக்க ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விட்டது. அனுப்பிய சீட்டில் மேனேஜர் கையெழுத்து!

அண்ணன் தன் கேள்வியை அடித்தான்.

6.12-க்குப் பிறகு நாலாம் அறையை முதலில் திறந்தது யாருடைய கார்டு?

மேனேஜர். மறுநாள் காலை 7.58. நடுவில் கதவு திறந்ததாக ஒரு பதிவுகூட இல்லை.

"ஹா!" மேனேஜர் மேஜையைத் தட்டினார். "கார்டு வேற, ஆள் வேறன்னு நீயே சொன்னியே தம்பி! என் கார்டை எவனோ உருவியிருப்பான்!"

அண்ணன் மறுபடி அகராதியைப் பார்த்தான்.

அவன் சொன்ன நியாயமே அவன் கழுத்தை நெரித்தது! மணி 11.55.

இன்ஸ்பெக்டரம்மா நிதானமாக ஃபைலைப் புரட்டினாள்.

"உங்க வாக்குமூலம் சார். 'காலை எட்டு மணிக்கு நான் மட்டும் தனியாகப் போய் என் கார்டால் கதவைத் திறந்தேன். போலீஸ் வரும்வரை வேறு யாரையும் உள்ளே விடவில்லை.' கீழே கையெழுத்து. கார்டு இல்ல சார்... உங்க கை!"

மேனேஜரின் நெற்றியில், அந்தக் குளிரிலும், வியர்வை.

ஆக, கதை இவ்வளவுதான். கார்டை உருவினார். பூட்டினார். காலையில் திறந்து, கார்டைப் பிணத்தின் பாக்கெட்டில் சொருகினார்.

'கவனக்குறைவு' என்ற வார்த்தையை இன்ஸ்பெக்டரம்மா அழுத்தமாகக் கோடு போட்டு அடித்தாள். அண்ணன் கண்ணாடிச் சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான்.

மேனேஜர் கழுத்திலிருந்த கார்டைக் கழற்றி நீட்டினார்.

"நீங்களே வச்சுக்கங்க சார்" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா. "எங்க இடத்துல ஸ்லாட்டெல்லாம் கிடையாது. உள்ள ஆள் இருந்தாத்தான் பூட்டுவோம்!"