கூடையில் போன புத்தகம்

ஷாங்காய் நகரில், பஞ்சாலைகளுக்குப் பின்னால் இருந்த சந்தில் யூ குடும்பம் வாழ்ந்தது. அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஒருவரும் பொய் சொன்னதில்லை. பத்து வயது ருவோலானுக்கு அந்தப் பெருமையே அன்று காலை பெரும் சோதனையாகிவிட்டது.

"சந்து முனையில போலீஸ் நிக்குது. உங்க வீட்டைத்தான் கேக்குறாங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியே சொல்லிவிட்டு ஓடினாள்.

அம்மா அப்பாவின் மேசையைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா ஆலைப் பெண்களுக்குப் பாடம் நடத்தப் போயிருந்தார். அவருடைய மேசையில் இருநூறு தாள்கள் கிடந்தன. தொழிலாளர் உரிமையைப் பற்றிய வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றைப் பத்து மாதமாக உட்கார்ந்து சீன மொழியில் மொழிபெயர்த்து எழுதியிருந்தார். வேறு பிரதி கிடையாது. போலீஸ் கையில் சிக்கினால் தாள்களும் போகும், அப்பாவும் சிறைக்குப் போவார்.

"அடுப்புல போட்டுடட்டுமா?" என்று அம்மா தாள்களை அள்ளப் போனாள்.

"கொஞ்சம் பொறும்மா" என்றாள் ருவோலான்.

வாசலில் பாங் தாத்தா மூங்கில் கூடையோடு நின்றிருந்தார். எழுத்துள்ள தாள் யார் காலிலும் மிதிபடக் கூடாது என்பது அந்த ஊர் நம்பிக்கை. அதனால் பழைய தாள்களை வீடு வீடாக வாங்கிப் போய், கோயில் முற்றத்துச் செங்கல் அடுப்பில் மரியாதையாக எரிப்பது அவர் வேலை.

ருவோலான் இருநூறு தாள்களையும் கூடையில் வைத்தாள்.

"இம்புட்டா? உங்கப்பா எழுதுறாரா, தறி போட்டு நெய்யுறாரா?" என்றார் தாத்தா.

அதற்குள் மூன்று போலீஸ்காரர்கள் வந்துவிட்டார்கள். நரைத்த மீசை வைத்த அதிகாரி கூடையைப் பார்த்தார்.

"இதுல என்ன?"

ருவோலான் முன்னால் வந்தாள். "எழுதின தாளுங்கய்யா. தாத்தா கோயிலுக்குக் கொண்டுபோய் எரிப்பாரு."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

இளம் போலீஸ்காரன் ஒருவன் கூடைக்குள் கையை விட்டான். ஒரு தாள் நழுவி அவன் பூட்ஸின் அடியில் விழுந்தது.

"காலை எடுடா. எழுத்தை மிதிக்கவா உங்கம்மா உன்னைப் பெத்தா?" என்று அதிகாரி சீறினார். குனிந்து, தாளை இரண்டு கையாலும் எடுத்தார். படிக்காமலே கூடையில் வைத்தார். "நீங்க போங்க பெரியவரே."

போலீஸ்காரர்கள் வீட்டுக்குள் புகுந்து மெத்தையைக் கிழித்தார்கள். அரிசி ஜாடியைக் கவிழ்த்தார்கள். ஒன்றும் கிடைக்காமல் அவர்கள் கிளம்ப அரைமணி நேரம் ஆனது. அவர்கள் தலை மறைந்ததும் ருவோலான் ஓடினாள்.

கோயில் அடுப்பில் புகை கிளம்பியிருந்தது. பாங் தாத்தாவின் கையில் அப்பாவின் தாள்கட்டு இருந்தது.

"தாத்தா, நிறுத்துங்க. அதைத் திருப்பிக் குடுங்க."

"கூடைக்குள்ள விழுந்தது சாமிக்குப் போறது, பாப்பா. நாப்பது வருசமா ஒத்தைத் தாளை நான் திருப்பிக் குடுத்ததில்ல."

'பூசாரி தரச் சொன்னார்' என்று ஒரு பொய் சொன்னால் போதும். அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"தாத்தா, படிச்சு முடிச்ச தாளைத்தானே எரிப்பீங்க? இதை இன்னும் ஒருத்தருமே படிக்கலையே. படிக்காமலே எரிச்சா அது எழுத்துக்கு மரியாதையா?"

அவர் கை நெருப்புக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. கட்டின் ஓரம் பழுப்பேறத் தொடங்கியது.

"படிச்சதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மெதுவாக. "இத்தனை வருசமாச் சுமக்குறேன். ஒரு எழுத்துத் தெரியாது."

ருவோலான் மேல்தாளை உருவிப் படித்தாள்:

'சுமக்கிற மனிதனுக்கு, தான் எதைச் சுமக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.'

தாத்தா தாள்கட்டைத் திரும்பக் கூடையில் வைத்தார். பிறகு அடுப்பின் இரும்புக் கதவைச் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"நிழலுக்கு வா. அடுத்ததைப் படி."

மாலையில் கூடையை அவரே யூ வீட்டுக்குச் சுமந்து வந்தார். ஒரு தாள்கூடக் குறையவில்லை. அவருடைய வலது உள்ளங்கையில் 'பாங்' என்று அவர் பெயரை ருவோலான் கரித்துண்டால் எழுதியிருந்தாள். அது அழிந்துவிடக் கூடாதென்று, வழி நெடுகக் கூடையை இடது கையால் மட்டுமே பிடித்து வந்திருந்தார்.