மைனஸ் பூஜ்யம்

மத்தியானம் மூன்று மணி. தீவிர சிகிச்சை வார்டில் மருந்து வாடை மூக்கைத் துளைத்தது. புரோகிராமர் தோள்பையைக்கூட இறக்கவில்லை, நர்ஸ் அவனைக் கணினித் திரைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"பூஜ்யத்துக்கு முன்னாடி மைனஸ் வருமா சார்? நாலாம் பெட்டைப் பாருங்க."

பத்துக் கட்டில்களுக்கு வரிசையாகப் பத்து எண்கள். மூச்சு உள்ளே போனால் பிளஸ், வெளியே வந்தால் மைனஸ். அந்தப் பட்டியலை எழுதிக்காட்டும் புரோகிராம் அவன் கைவேலை. புள்ளிக்குப் பின்னால் ஒரே ஓர் இலக்கம் போதும் என்று முடிவு செய்த மகராசனும் அவனேதான்.

நாலாவதில் 0.0. சற்றுப் பொறுத்து, -0.0.

போன மாதம் அக்கா அந்தக் கட்டிலில்தான் கிடந்தாள். அம்மா போனபின் அவனை வளர்த்து ஆளாக்கியவள். திரையில் பூஜ்யம் வந்ததும் டாக்டர் அவனிடமே கேட்டார், நம்பலாமா என்று. அன்றைக்கும் அந்த மைனஸ் வந்து வந்து போனது. தன் புரோகிராமில் குறை என்று சொன்னால் மானம் போகுமே என்று, "பூஜ்யம்தான் டாக்டர்" என்றான். ஆக்சிஜன் குழாயை எடுத்துவிட்டார்கள்.

"இப்ப அதுல யாரு இருக்கா?"

"யாருமில்ல சார். ஒயரையே கழட்டிட்டோம்."

சும்மா பூஜ்யத்துக்கு மைனஸ் முளைக்காது. பின்னால் ஏதோ பொடி எண் ஒளிந்திருக்கிறது. இலக்கங்களை ஆறாகக் கூட்டினான்.

0.000031

-0.000030

நாலு விநாடிக்கு ஒன்று.

அக்கா இறந்த நாளின் பதிவைத் தேடி எடுத்தான். குழாயை எடுப்பதற்கு முன்: 0.04, -0.04. எடுத்த பிறகு: 0.03, -0.03.

அவள் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அவளை அடக்கம் செய்த நாளின் பதிவையும் பார்த்தான். அன்றும் நாலாம் கட்டிலுக்கு எண்கள் இருந்தன. தேயத் தேய இலக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனான். இன்றுவரை எங்கேயும் ஒரு முழுப் பூஜ்யம் இல்லை.

"என்ன சார், முகமெல்லாம் வேர்த்திருக்கு?"

டாக்டரைக் கூப்பிடலாம். உள்ளதைச் சொல்லலாம். போனை எடுத்தவன் திரும்பப் பைக்குள் போட்டான்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். சின்னக் கோளாறு."

மறுபடி ஓர் இலக்கம் என்று மாற்றினான். பூஜ்யத்துக்கு முன்னால் மைனஸ் வந்தால் அழித்துவிடு என்று இன்னொரு வரியும் எழுதினான். மன்னிச்சிடு அக்கா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

0.0

0.0

"அப்பாடா," என்றாள் நர்ஸ்.

அப்போது அந்த எண்ணின் மேல் கண்ணாடியில் வட்டமாக ஆவி படிந்தது. மெல்ல மறைந்தது. திரும்பவும் படிந்தது.

நர்ஸ் துணியை எடுத்து அழுத்தித் துடைத்தாள்.

"போக மாட்டேங்குது சார்," என்றாள் குரலைத் தாழ்த்தி. "உள்பக்கம் இருக்கு."