எல்லாம் பச்சை

கணக்கு வகுப்பு முடியும் நேரத்தில் எல்லார் டேப்லெட்டிலும் ஐந்து கேள்விகள் வரும். சரியாகப் போட்டால் பச்சை, தப்பாகப் போட்டால் சிவப்பு. யாருக்கு என்ன நிறம் என்பது டீச்சரின் திரையில் உடனே தெரிந்துவிடும்.

சிவப்பு வந்தவர்கள் டீச்சரோடு வட்ட மேசையில் உட்காரலாம். எல்லாம் பச்சையானவர்கள் அவரவர் இடத்திலேயே கதைப் புத்தகம் படிக்கலாம்.

புதுசுக்கு என்றைக்கும் பச்சைதான். வேறு பள்ளியிலிருந்து வந்ததால் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர். அவள் பக்கத்து நாற்காலியில் யாருமே உட்காருவதில்லை. வட்ட மேசையில் சிரிப்புக் கேட்கும்போதெல்லாம் புதுசு ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பாள்.

அன்று ஒரு முடிவுக்கு வந்தாள். ஐந்து கேள்விக்கும் வேண்டுமென்றே தப்பான விடையைத் தொட்டாள்.

டீச்சர் தன் திரையை உற்றுப் பார்த்தார்.

"உனக்கு அஞ்சும் சிவப்பா? இருக்காதே. டேப்லெட்லதான் ஏதோ கோளாறு. வேற ஒண்ணு எடுத்து மறுபடி போடும்மா."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். புதுசுக்கு டேப்லெட்டைப் பார்க்கவே பாவமாக இருந்தது. எழுந்து டீச்சரிடம் போனாள்.

"டேப்லெட் நல்லாத்தான் இருக்கு டீச்சர். நான்தான் வேணும்னே தப்பா போட்டேன்."

"ஏன்மா?"

"வட்ட மேசைல உட்காரணும்னுதான். தனியா இருக்கப் பிடிக்கல."

டீச்சர் தன் திரையை இன்னொரு தடவை பார்த்தார். "என் திரையில அது தெரியலையேம்மா," என்றார். "சரி, போய் உட்காரு."

வட்ட மேசையில் வாயாடி இருந்தாள். ஊர்க்கதையெல்லாம் பேசுகிறவள், பின்னக் கணக்கைக் கண்டதும் வாயடைத்துப் போயிருந்தாள். புதுசு அவளுடைய டேப்லெட்டை எட்டிப் பார்த்தாள்.

"அரை ஆப்பிளும் அரை ஆப்பிளும் சேர்ந்தா எவ்வளவு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு ஆப்பிள்."

"நீ மேல இருக்கறதையும் கூட்டி, கீழ இருக்கறதையும் கூட்டி, நாலுல ரெண்டுன்னு போட்டிருக்க. அப்படின்னா வெறும் அரைதான். மிச்ச அரையை யாரு தின்னா?"

வாயாடி யோசித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நான்தான் தின்னுட்டேன் போல. அடுத்த கணக்கையும் சொல்லிக் குடு."

அடுத்த வாரம் வாயாடிக்கு முதல் தடவையாக எல்லாம் பச்சை. வட்ட மேசைக்கு அவள் போகவில்லை. கதைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நேராக வந்து, புதுசுவின் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"கொஞ்சம் நகரு," என்றாள்.

அன்று புதுசு ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. வாயாடி எங்கே விட்டாள்?